குளியலறையில் நெளிவது புழுவா, பாம்பா? புழுப்பாம்பு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஐப்பசி பிறந்து அடைமழை பிடித்துவிட்டால் என் போனுக்குப் படங்கள் வர ஆரம்பிக்கும். வெள்ளை டைல்ஸ் தரை, பக்கத்தில் ஒரு விளக்குமாறு, நடுவில் கறுப்பு நூல் மாதிரி ஒன்று. கூடவே ஒரு வரி: "அடிச்சிட்டோம். இது என்ன பாம்பு?" மொட்டைமாடியில் செடி வளர்ப்பவன் என்பதாலும், தொட்டி மண்ணில் இந்த உயிரைப் பல வருடமாகப் பார்த்து வருபவன் என்பதாலும், தெரு, சொந்தம், அலுவலக நண்பர்கள் எல்லோரும் என்னைத்தான் கேட்கிறார்கள். பதில் பெரும்பாலும் ஒன்றேதான்: புழுப்பாம்பு. விஷம் துளியும் இல்லாதது. அடித்த பிறகு கேட்பவர்கள் அடிப்பதற்கு முன்னால் கேட்க வேண்டும் என்பதற்காகவே, என்னிடம் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே சேர்த்து எழுதுகிறேன்.

இது மண்புழுதானே? பாம்பு என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

பாம்புதான். முழு வளர்ச்சி அடைந்த, முதுகெலும்பும் செதில்களும் உள்ள அசல் பாம்பு. நீளம் பெரும்பாலும் 10 முதல் 16 சென்டிமீட்டர். தடிமன் பேனா ரீஃபில் அளவு, கொஞ்சம் கூடலாம். கரும்பழுப்போ, கறுப்போ, சாம்பல் கலந்த கறுப்போ இருக்கும். அடிப்பக்கம் சற்று வெளிறியிருக்கும்.

மண்புழுவின் உடம்பில் வளையம் வளையமாக இருப்பது கண்ணுக்கே தெரியும். ஈரமாக, வழுவழுவென்று சளி பூசியதுபோல் இருக்கும். நகரும்போது நீண்டு சுருங்கும். புழுப்பாம்பு நீளாது, சுருங்காது. பாம்பு போலவே பக்கவாட்டில் வளைந்து வளைந்து போகும், அதுவும் மண்புழு கனவிலும் போகாத வேகத்தில். உடம்பு காய்ந்து, எண்ணெய் தடவியதுபோல் பளபளக்கும். கொஞ்ச நேரம் பொறுமையாகப் பார்த்தால் முகத்துக்கு அடியிலிருந்து மயிரிழை போன்ற பிளவுபட்ட நாக்கு வெளியே வந்து வந்து போவதைப் பார்க்கலாம். அது தெரிந்துவிட்டால் அப்புறம் சந்தேகமே வேண்டாம்.

இதன் சரியான பெயர் என்ன?

புழுப்பாம்பு, குருட்டுப்பாம்பு என்ற இரண்டு பெயரும் தமிழில் புழங்குகின்றன. அறிவியல் பெயர் இண்டோடிஃப்ளாப்ஸ் பிராமினஸ். 'டிஃப்ளோஸ்' என்றால் கிரேக்கத்தில் குருடு. ஆங்கிலத்தில் பூந்தொட்டிப் பாம்பு என்றும் அழைக்கிறார்கள். அந்தப் பெயர் எப்படி வந்தது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

பெயரின் கதை நம் பக்கத்து ஊரில் தொடங்குகிறது. பாட்ரிக் ரஸ்ஸல் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் கிழக்கிந்தியக் கம்பெனி வேலையாக விசாகப்பட்டினத்தில் இருந்தவர். சோழமண்டலக் கரையின் பாம்புகளைப் பற்றி 1796-இல் பெரிய படங்களோடு ஒரு நூல் வெளியிட்டார். அதில் இந்தப் பாம்பை வரைந்து, அந்த ஊர் மக்கள் சொன்ன தெலுங்குப் பெயரையே எழுதி வைத்தார். 'இரண்டு தலைப் பாம்பு' என்று அதற்குப் பொருள். தலை எது, வால் எது என்று தெரியாமல் நாம் இன்றைக்கு விழிக்கிறோமே, இருநூறு வருடத்துக்கு முன்பும் அதே கதைதான். அந்தப் படத்தை வைத்து 1803-இல் பிரெஞ்சுக்காரரான டௌடின் இதற்கு அறிவியல் பெயர் சூட்டினார். நாம் 'இருதலை மணியன்' என்று சொல்லும் மண்ணுளிப் பாம்பு வேறு. அது இதைவிடப் பல மடங்கு பெரியது, தடித்தது.

விஷம் உண்டா? கடிக்குமா?

விஷம் இல்லை. கடிக்கவும் முடியாது. இதன் வாய் முகத்தின் நுனியில் இல்லை, சற்றே பின்னால் தள்ளி அடிப்பக்கத்தில் இருக்கிறது. திறந்தால் எறும்பு முட்டை நுழையும் அளவு. அதிலும் கீழ்த்தாடையில் பல்லே கிடையாது. நம் தோலைக் கவ்வும் அளவுக்கு அந்த வாய் திறக்காது. நான் எத்தனையோ முறை கையில் எடுத்திருக்கிறேன். விரல் இடுக்கு கிடைத்தால் உள்ளே நுழைந்து ஒளிந்துகொள்ளத்தான் பார்க்கும்.

வாலில் முள் இருக்கிறதே, கொட்டாதா?

முள் இருப்பது உண்மை. வால் நுனியில் மிகச் சிறிய கூர் ஒன்று உண்டு. மண்ணுக்குள் முன்னே போக அதை ஊன்றி உந்திக்கொள்கிறது, அவ்வளவே. கையில் எடுத்தால் அந்த முனையை நம் உள்ளங்கையில் அழுத்தும். முதல் தடவை அப்படி அழுத்தியபோது நானும் 'சுருக்'கென்று கையை உதறத்தான் போனேன். ஆனால் வலி இல்லை; சோளப்பொரியின் ஓரம் பட்டதுபோல் ஓர் உறுத்தல், அவ்வளவுதான். தோலில் தடம்கூட விழாது. விஷப்பையோ கொடுக்கோ அங்கே எதுவும் இல்லை. ரொம்பவும் பயந்துபோனால் வால் பக்கத்திலிருந்து ஒரு கெட்ட வாடையுள்ள திரவத்தைக் கசியவிடும். சோப்புப் போட்டுக் கழுவினால் போய்விடும்.

தூங்கும்போது காதுக்குள் போய்விடும் என்கிறார்களே?

இந்தப் பயம் பல ஊர்களில் இருக்கிறது. பாயில் படுத்துத் தூங்குகிறவர்களுக்கு இந்த நினைப்பு வருவதில் ஆச்சரியமும் இல்லை, உருவம் அப்படி. ஆனால் இந்தப் பாம்பு தேடுவது எறும்புப் புற்றையும் கரையான் புற்றையும், ஈர மண்ணையும்தான். நாக்கால் வாடை பிடித்துப் போகிற உயிர் அது. மனிதக் காதில் அதற்கு இரையும் இல்லை, ஈர மண்ணும் இல்லை. அசையும் பெரிய உடம்பின் அதிர்வு பட்டாலே விலகி ஓடும். இதற்காகக் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு படுக்க வேண்டியதில்லை.

கட்டுவிரியன் குட்டியாக இருந்துவிட்டால்? எப்படிப் பிரித்து அறிவது?

இங்கே நிதானம் வேண்டும். இந்தப் பக்கத்தில் மற்ற எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

கட்டுவிரியன் முட்டையிலிருந்து வரும்போதே ஓர் அடிக் குச்சி அளவை நெருங்கி இருக்கும். ரீஃபில் போல அல்ல, பென்சில் போல. மினுமினுக்கும் கறுப்பு உடம்பில் மெல்லிய வெள்ளைப் பட்டைகள் குறுக்காக ஓடும். குட்டியில் அந்தப் பட்டை தெளிவாகவே தெரியும். தலை தனியாகத் தெரியும், இரண்டு கறுப்பு மணிக் கண்கள் தெரியும். வயிறு வெள்ளை.

புழுப்பாம்புக்குப் பட்டை, புள்ளி, கோடு எதுவும் கிடையாது. தலையிலிருந்து வால் வரை ஒரே பருமன், கழுத்து என்று ஒன்று இல்லை. கண் இருக்க வேண்டிய இடத்தில் செதிலுக்கு அடியில் மங்கலாக இரண்டு புள்ளி, அவ்வளவே. இன்னொரு உறுதியான அடையாளம் வயிற்றில் இருக்கிறது. மற்றப் பாம்புகளின் வயிற்றில் அகலமான செதில்கள் படிக்கட்டு மாதிரி அடுக்கியிருக்கும். புழுப்பாம்புக்கு முதுகு, வயிறு, விலா எல்லாம் ஒரே அளவுச் செதில்தான். உடம்பைச் சுற்றி எந்த இடத்தில் எண்ணினாலும் 20 வரிசை வரும். ஆனால் அதைப் பார்க்க லென்ஸ் வேண்டும். வயிற்றைத் திருப்பிப் பார்க்கிறேன் என்று அடையாளம் தெரியாத பாம்பில் போய்க் கை வைக்காதீர்கள்.

ஒரு சாண் நீளத்துக்கு மேல் இருக்கிறதா, உடம்பில் எங்காவது வெள்ளைப் பட்டை தெரிகிறதா, இரவில் சரியாகத் தெரியவில்லையா? அப்போது தொடாதீர்கள். விலகி நின்று, பாம்பு பிடிக்கத் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள். கட்டுவிரியன் கடித்தால் பல நேரம் வலியே தெரியாது. தூக்கத்தில் கடிபட்டதை உணராமலே போனவர்கள் உண்டு. அதனால் கடித்ததா இல்லையா என்ற ஐயம் எழுந்தாலே 108-ஐ அழைத்து, விஷமுறிவு மருந்து இருக்கிற மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். புழுப்பாம்பு சாது என்று நான் சொல்வதைக் கேட்டுவிட்டு, சின்னப் பாம்பெல்லாம் சாது என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது.

குட்டி இங்கே இருந்தால் தாய்ப் பாம்பும் பக்கத்தில் இருக்குமே?

நீங்கள் பார்த்ததே தாய்ப் பாம்பாக இருக்கலாம். இது வளர்வதே இவ்வளவுதான். பெரிய பாம்பின் குட்டி என்று நினைத்துத்தான் வீட்டைக் காலி செய்யும் அளவுக்குப் பதறுகிறார்கள். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் இரண்டு நாள் உறவினர் வீட்டில் தங்கிவிட்டு வந்தது. முட்டையிலிருந்து வரும் உண்மையான குட்டி சுண்டுவிரல் நீளம்தான் இருக்கும், தையல் நூலைவிடக் கொஞ்சம் தடிப்பு. அதை மண்ணில் கண்டுபிடிப்பதே கஷ்டம்.

சாதாரணமாக எங்கே வாழும்?

ஈரமும் பொலபொலப்பும் உள்ள மண் எங்கே இருக்கிறதோ அங்கே. மட்கிய இலைக் குப்பை, விழுந்து கிடக்கும் தென்னை மட்டை, கல், பழைய செங்கல் அடுக்கு, உளுத்த மரத்தடி, எருக்குழி, வாழைக் கன்றைச் சுற்றிய பாத்தி, பூந்தொட்டி. காட்டிலும் இருக்கும், நடு நகரத்திலும் இருக்கும். எறும்பு, கரையான் புற்றுகளுக்கு உள்ளேயும் இருக்கும்.

வளையில் வாழும் பாம்பு என்றாலும் பெருச்சாளி மாதிரி தோண்டிக்கொண்டு போவதில்லை. இறுகிய மண்ணைத் துளைக்கும் பலம் அந்த உடம்புக்கு இல்லை. மண்ணில் இருக்கும் வெடிப்பு, வேர் அழுகிப் போன துளை, மண்புழு போட்ட பாதை, எறும்பு வெட்டிய சுரங்கம் என்று ஏற்கெனவே உள்ள வழிகளில் மழுங்கிய தலையை நுழைத்து நுழைத்துப் போகும். கழுத்தில்லாத உருளை உடம்பும் வழவழப்பான செதிலும் இதற்காகவே செய்து வைத்தது போல. எந்தப் பக்கமும் சிக்காது.

இவ்வளவு சிறிய உடம்பு சீக்கிரம் வறண்டுவிடும். அதனால்தான் ஈரத்தை விடவே விடாது. சித்திரை வெயிலில் மேல்மண் காயும்போது ஆழத்துக்கு இறங்கிவிடும். அந்த மாதங்களில் எனக்கு ஒரு படம்கூட வராது. முதல் நல்ல மழைக்குப் பிறகு மறுபடி மேலே வரும். நடமாட்டம் பெரும்பாலும் இரவில். பகலில் பார்த்தால் மழைநீர் வளைக்குள் புகுந்திருக்கிறது, அல்லது நீங்கள் கல்லைப் புரட்டியிருக்கிறீர்கள் என்று பொருள்.

வீட்டுக்குள் ஏன் வருகிறது? நாங்கள் மூன்றாவது மாடி, அங்கேயும் வந்ததே?

அடைமழையில் மண்ணுக்குள் தண்ணீர் நிறைந்தால் மூச்சு விட அதற்கு இடமில்லை. மேலே வந்து, காய்ந்த ஆனால் ஈரப்பதமுள்ள இடம் தேடும்போது சுவர் விரிசல், வாசற்படி இடுக்கு, கழிவுநீர்க் குழாய் வழியாக உள்ளே வந்துவிடுகிறது. குளியலறையும் துணி துவைக்கும் இடமும் அதற்குத் தோட்டம் மாதிரியே தோன்றும். குளிர்ச்சி, ஈரம், இருட்டு. ஆனால் டைல்ஸில் பிடிமானம் இல்லை. உந்த மண் இல்லாமல் ஒரே இடத்தில் துடித்துத் துடித்து நெளியும். நமக்கு அது சீறுவது போலத் தெரிகிறது. உண்மையில் அது வழுக்கிக்கொண்டிருக்கிறது.

மாடி வீட்டுக்கு வருவது பெரும்பாலும் தொட்டி மண்ணோடுதான். நர்சரியில் செடி வாங்கும்போது வேர்ப்பந்தில் ஒன்று இருந்தால் உங்கள் பால்கனிக்கு லிஃப்டில் ஏறி வந்துவிடும். செம்மண், தொழுவுரம், தேங்காய்நார்த் தூள் மூட்டையோடும் வரலாம்.

என்ன சாப்பிடும்?

எறும்பு, கரையான்களின் முட்டை, புழு, கூட்டுப்புழு. கரையான்களையே தின்னவும் செய்யும். பல்லால் கவ்வி மெல்ல வாய்ப்பில்லாத பாம்பு எப்படிச் சாப்பிடுகிறது என்பது எனக்குப் படிக்கப் படிக்க வியப்பான விஷயம். மற்றப் பாம்புகள் தாடையை இடம், வலம் என்று மாற்றி மாற்றி நகர்த்தி இரையின் மேல் மெதுவாக ஏறும். இதற்கு மேல்தாடை எலும்புகள் கீல் போட்டது மாதிரி தனித்தனியாக அசையும். அவற்றில் உள்ள சில பற்களால் விநாடிக்குள் பல முறை வாரி வாரி இரையை உள்ளே இழுத்துக்கொள்ளும். எறும்புப் புற்றுக்குள் நுழைந்தால் காவல் எறும்புகள் மொய்ப்பதற்குள் வயிற்றை நிரப்பிக்கொண்டு வெளியேற வேண்டும் அல்லவா, அந்த வேகம் அதற்காகத்தான் என்று கருதுகிறார்கள். எறும்பு கடித்தாலும் நெருக்கமாக ஒன்றன்மேல் ஒன்று படிந்த செதிலில் கொடுக்கு எளிதில் இறங்காது.

ஜப்பானில் 2015-இல் வெளியான ஓர் ஆய்வு இன்னும் சுவையானது. இந்தப் பாம்புக்குக் கரையானைக் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். அது கரையானைப் பின்பக்கமாக விழுங்கத் தொடங்கி, தலை மட்டும் வாய்க்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்போது முகத்தைத் தரையில் தேய்க்கிறது. தலை முறிந்து கீழே விழுகிறது. உடம்பு மட்டும் உள்ளே போகிறது. எல்லாக் கரையானுக்கும் இப்படிச் செய்வதில்லை, ஆனால் அடிக்கடி செய்கிறது. தலையோடு விழுங்கியபோது அந்தத் தலை செரிக்காமல் அப்படியே எச்சத்தில் வந்திருக்கிறது. இறாலின் தலையைக் கிள்ளிப் போட்டுவிட்டுச் சமைக்கிற நமக்கு இது புரியாதா என்ன?

அப்படியானால் வீட்டுக் கரையானை ஒழித்துவிடுமா?

ஒழிக்காது. ஒரு புற்றில் இருக்கும் கரையான் கணக்குக்கு இந்தச் சின்ன வயிறு ஈடு கொடுக்காது. மர நிலையில் கரையான் ஏறிவிட்டால் அதற்கான வேலையைச் செய்துதான் ஆக வேண்டும். ஆனால் தோட்ட மண்ணில் எறும்பும் கரையானும் அளவோடு இருப்பதில் இதற்கும் ஒரு கை உண்டு. அப்படி ஒரு உயிரைப் பயத்தில் நசுக்குவது மனதுக்கு ஒப்பவில்லை.

உண்மையிலேயே கண் தெரியாதா?

நாம் பார்ப்பது போலத் தெரியாது. கண் இருக்கிறது, ஆனால் அரைக் கண்ணாடி போன்ற செதிலுக்கு அடியில் புதைந்து, கறுப்புப் புள்ளியாகச் சுருங்கிவிட்டது. வெளிச்சம், இருட்டு மட்டும் பிரித்தறியும். மண்ணுக்குள் வாழ அதுவே போதும்: வெளிச்சம் பட்டால் தவறான பக்கம் வந்துவிட்டோம் என்று தெரிந்துகொண்டு கீழே இறங்கிவிடும். இரவில் டார்ச் அடித்துப் பாருங்கள், உடனே எதிர்ப்பக்கம் திரும்பும். வழி தேடுவதெல்லாம் நாக்கின் வேலை.

ஆண் பாம்பே கிடையாது என்று படித்தேன். வதந்தியா?

வதந்தி இல்லை. இந்த இனத்தில் இதுவரை சேகரித்துப் பார்த்ததெல்லாம் பெண்தான். ஆணின் துணை இல்லாமலே முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கிறது. குஞ்சுகளும் பெண், தாயின் மரபணு நகல். மலைப்பாம்பு போன்ற வேறு சில பாம்புகளும் ஆண் கிடைக்காதபோது எப்போதாவது இப்படிச் செய்வதுண்டு. ஆனால் இனம் முழுவதும் இந்த ஒரே வழியில் மட்டும் பெருகுவது, தெரிந்த பாம்புகளிலேயே இது ஒன்றுதான்.

காரணம் அதன் செல்லுக்குள் இருக்கிறது. நமக்கும் பெரும்பாலான விலங்குகளுக்கும் குரோமோசோம்கள் இரட்டை இரட்டையாக இருக்கும், தாயிடமிருந்து ஒரு தொகுதி, தந்தையிடமிருந்து ஒரு தொகுதி. இதற்கு மூன்று தொகுதி, மொத்தம் 42. 1987-இல் வெளியான ஆய்வு இதைக் காட்டியது. மூன்றாக இருக்கும்போது சமமாக இரண்டாகப் பிரிக்க முடியாது. ஆணும் பெண்ணும் சேர்ந்து இனம் பெருக்கும் வழக்கமான பாதை அடைபட்டுப் போகிறது. பாதை அடைபட்ட பல உயிர்கள் அங்கேயே முடிந்துபோகும். இது தனியாகவே நடக்கக் கற்றுக்கொண்டுவிட்டது.

எத்தனை முட்டை இடும்?

இரண்டு முதல் எட்டு வரை. நீளமாக, வெள்ளையாக, சாப்பாட்டு அரிசியைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்கும். ஓடு கெட்டியாக இராது, தோல் போல இருக்கும். தொட்டி மண்ணை மாற்றும்போது ஏதோ பூச்சி முட்டை என்று தூக்கி எறிந்துவிடுவார்கள்.

உலகம் முழுக்க இருக்கிறதாமே?

அண்டார்டிகாவைத் தவிர எல்லாக் கண்டத்திலும் இருக்கிறது. நிலத்தில் வாழும் பாம்புகளில் உலகில் மிக விரிவாகப் பரவியிருப்பது இதுதான். நாகமோ மலைப்பாம்போ செய்யாததை ரீஃபில் அளவுப் பாம்பு செய்திருக்கிறது. அதுவும் மனிதர்கள் கையாலேயே. செடி ஏற்றுமதி ஆகும்போது வேர் மண்ணுக்குள் இருந்துகொண்டு கப்பல் ஏறியது. பூந்தொட்டிப் பாம்பு என்ற பெயர் அப்படி வந்ததுதான். மற்ற உயிர்களென்றால் புதிய ஊரில் குடும்பம் பெருக ஆணும் பெண்ணும் சேர்ந்து போக வேண்டும். இதற்கு ஒரே ஒன்று, ஒரே தொட்டியில் போனால் போதும்.

ஹவாய்த் தீவுகளில் நிலத்தில் வாழும் சொந்தப் பாம்பே கிடையாது. அங்கே பாம்பு வைத்திருப்பதே சட்டப்படி குற்றம். அப்படிப்பட்ட ஊருக்கு 1930-இல் பிலிப்பைன்ஸிலிருந்து வந்த செடிகளின் மண்ணோடு இது போய் இறங்கி, இன்றும் அங்கே இருக்கிறது. ஃபுளோரிடா, மெக்சிகோ, ஆஸ்திரேலியாவின் டார்வின், ஆப்பிரிக்கா, பசிபிக் தீவுகள் என்று பட்டியல் நீளும்.

தாயகம்? இந்தியாவும் இலங்கையும் சேர்ந்த நம் பக்கம் என்பதையே மரபணு ஆய்வுகள் சுட்டுகின்றன. இதன் மிக நெருங்கிய சொந்தங்கள் இங்கேதான் இருக்கின்றன. நம் வீட்டுக் கொல்லையிலிருந்து கிளம்பி உலகைச் சுற்றிய உயிர் இது. எனக்கு அதில் ஒரு பெருமை உண்டு.

நேற்று கறுப்பாக இருந்தது, இன்று நீலச் சாம்பல் நிறம். வேறு பாம்பா?

அதே பாம்புதான். சட்டை உரிக்கப் போகிறது. உரிப்பதற்குச் சில நாள் முன்பு மேல்தோல் மங்கி வெள்ளி கலந்த நீலமாகத் தெரியும். உரித்ததும் பழைய பளபளப்பு வந்துவிடும்.

இதை எது தின்னும்?

கேட்டால் எது தின்னாது என்று சொல்வது எளிது. கோழி கண்டால் விடாது. தேரை, பறவைகள், பூனை, அப்புறம் பாம்பு தின்னும் பாம்புகள். கட்டுவிரியனுக்கும் இது ஓர் இரை.

தேரை விஷயத்தில் ஒரு விசித்திரமான பதிவு உண்டு. கிழக்குத் திமோரில் ஆய்வாளர்கள் ஒரு தேரையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, அதன் பின்புறத் துளை வழியாக ஒரு புழுப்பாம்பு நெளிந்து வெளியே வந்தது, உயிரோடு. விழுங்கப்பட்டு, குடல் முழுக்கக் கடந்து, மறுபக்கம் வந்திருக்கிறது. 2013-இல் அதைப் படத்தோடு வெளியிட்டார்கள். காற்றில்லாத இடுக்கில் உடம்பை நுழைத்து நுழைத்துப் பழகிய உயிர். அது தேரையின் குடலையும் இன்னொரு சுரங்கமாகவே எடுத்துக்கொண்டது போலும்.

இதன் உறவுக்கார இனம் ஒன்று அமெரிக்காவின் டெக்சாஸில் இருக்கிறது. அங்கே ஒரு சின்ன ஆந்தை அதை உயிரோடு பிடித்துக் கூட்டுக்குக் கொண்டுபோகும். தின்னாமல் தப்பிய பாம்புகள் கூட்டுக் குப்பையிலேயே தங்கி, அங்கே பெருகும் பூச்சிப் புழுக்களைத் தின்கின்றன. அப்படிப் பாம்பு குடியிருந்த கூடுகளில் ஆந்தைக் குஞ்சுகள் வேகமாக வளர்ந்ததை 1987-இல் பதிவு செய்திருக்கிறார்கள்.

குழந்தையோ நாயோ பூனையோ வாயில் போட்டுவிட்டால்?

விஷமில்லாததால் அந்தக் கவலை வேண்டாம். குழந்தையின் வாயைத் துடைத்து, கொப்பளிக்க வைத்து, கையைக் கழுவிவிடுங்கள். பூனை அநேகமாகக் கொஞ்ச நேரம் விளையாடிவிட்டு, அந்த வாடை பிடிக்காமல் தானே துப்பிவிடும். குழந்தை எடுத்தது புழுப்பாம்புதானா என்பதில் உறுதி இல்லையென்றால் மருத்துவரிடம் காட்டுவதே சரி.

சரி, வீட்டில் பார்த்தால் என்ன செய்வது?

முதலில் விளக்கைப் போட்டு நன்றாகப் பாருங்கள். புழுப்பாம்புதான் என்று தெரிந்துவிட்டதா? ஒரு கெட்டி அட்டையோ பழைய கல்யாணப் பத்திரிகையோ எடுத்து முன்னால் வையுங்கள். மறுபக்கத்திலிருந்து இன்னொரு காகிதத்தால் மெல்லத் தள்ளினால் ஏறிவிடும். தப்பிக்க வேகமாக நெளியும், அதனால் ஒரு டம்ளரையோ முறத்தையோ தயாராக வைத்துக்கொள்ளுங்கள். துடைப்பத்தால் வேகமாகக் கூட்டித் தள்ளாதீர்கள். முதுகெலும்பு நூல் மாதிரி, நசுங்கிவிடும். வெளியே கொண்டுபோய் நிழலான, ஈரமான மண்ணில், இலைச் சருகுக்குப் பக்கத்தில் விடுங்கள். வெயிலில் சிமென்ட் தரையில் விட்டால் சில நிமிடத்தில் வாடிவிடும்.

மண்ணைத் தொட்ட அந்த நொடியைப் பாருங்கள். அதுவரை தலைகால் தெரியாமல் துடித்தது சட்டென்று அமைதியாகும். நாக்கு இரண்டு முறை வெளியே வரும். தலை ஓர் இடுக்கைக் கண்டுபிடிக்கும், வால் முள் ஊன்றும், உடம்பு வழுக்கிக்கொண்டே உள்ளே போகும். மூன்று நான்கு விநாடிதான், அங்கே ஒன்றுமே இருந்ததில்லை என்பது போல மண் மூடிக்கொள்ளும்.

உப்பு, ஃபினாயில், மண்ணெண்ணெய் ஊற்றலாமா?

வேண்டாம். எல்லாமே அதை எரித்து, வெகுநேரம் துடிக்க வைத்துக் கொல்பவை. கொதிநீரும் அப்படியே. மறுநாள் இன்னொன்று வருவதை இவை எதுவும் தடுக்காது, ஏனென்றால் அது உங்கள் வீட்டைத் தேடி வரவில்லை, தண்ணீருக்குத் தப்பி வருகிறது.

வராமல் தடுக்க என்ன வழி?

தரையில் இருக்கும் தண்ணீர் போகும் துளைக்கு நெருக்கமான கண்ணி உள்ள சல்லடை மூடி போடுங்கள். குளியலறைக் கதவுக்கு அடியில் இடைவெளி இருந்தால் ரப்பர்ப் பட்டை ஒட்டலாம். சுவரும் தரையும் சேரும் இடத்து விரிசலைச் சிமென்ட் வைத்து அடையுங்கள். சுவரை ஒட்டி இலைக்குப்பையும் செங்கலும் குவிந்து கிடந்தால் நாலடி தள்ளிப் போடுங்கள். வீட்டுக்குள் எறும்புச் சாரை இருந்தால் அதையும் கவனியுங்கள். இவ்வளவு செய்தும் மழைக்காலத்தில் ஒன்றிரண்டு வரத்தான் செய்யும்.

தொட்டியில் இருக்கிறது. செடி வேரைத் தின்றுவிடுமா?

வேரைத் தொடவே தொடாது. செடியின் எந்தப் பாகமும் அதற்கு உணவில்லை. தொட்டியில் அது இருக்கிறது என்றால் உள்ளே எறும்போ கரையானோ குடியிருக்கிறது, மண்ணில் நல்ல மட்கும் ஈரமும் இருக்கிறது என்று பொருள். அப்படியே விட்டுவிடுங்கள்.

போன கார்த்திகையில் பக்கத்து வீட்டு அக்கா கறிவேப்பிலைத் தொட்டியை மாற்றுவதற்காகக் கவிழ்த்தார். வேர்ப்பந்துக்கு அடியில் ஒரு புழுப்பாம்பும், சற்றுத் தள்ளி ஐந்து வெள்ளை முட்டைகளும் இருந்தன. அவர் போட்ட சத்தத்தில் நான் மதில் மேல் எட்டிப் பார்த்தேன். விஷயத்தைச் சொன்னதும் கொஞ்ச நேரம் தள்ளி நின்றே பார்த்தார். பிறகு என்னிடம் கேட்டார், "அப்போ முட்டையை எப்படி வைக்கணும்?" திருப்பாமல், கிடந்த வாக்கிலேயே கரண்டியால் மண்ணோடு அள்ளி, புதுத் தொட்டியில் அதே ஆழத்தில் வைக்கச் சொன்னேன். அப்படியே வைத்தார். மேலே கொஞ்சம் சருகு போட்டு, தண்ணீரை ஊற்றாமல் தெளித்துவிட்டார்.